கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத டிவி டியூனர்: எங்கிருந்து தேடத் தொடங்குவது

பழைய மானிட்டரையோ லேப்டாப்பையோ டிவியாக்கிவிடலாம் என்று வெளியில் மாட்டுகிற டியூனர் ஒன்றை வாங்கி வந்திருப்பீர்கள். அல்லது பரணில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்திருப்பீர்கள். மாட்டியாயிற்று, ஆனால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே எல்லோரும் செய்கிற வேலை, இணையத்தில் டிரைவர் (சாதனத்தைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்) தேடுவது. என் அனுபவத்தில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ செய்ய வேண்டிய வேலை. டியூனருக்கு முதலில் கரண்ட் கிடைக்க வேண்டும். பிறகு அது தன் பெயரைக் கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்குப் பொருத்தமான டிரைவர் இருக்க வேண்டும். கடைசியாக, டிவி பார்க்கும் புரோகிராம் அந்த டிரைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நான்கில் எது அறுந்தாலும் நாம் சொல்வது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் காட்ட மாட்டேங்குது." எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

உங்களிடம் இருப்பது பெட்டியா, குச்சியா?

வெளியில் மாட்டுகிற டியூனரில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் கடைகளில் ஒரே பெயரில்தான் விற்றார்கள். ஒன்று, கைக்கு அடக்கமான பெட்டி. பின்னால் நீல நிற விஜிஏ துளைகள் இரண்டு, தனி அடாப்டர், ஒரு ரிமோட். இன்னொன்று, பென்டிரைவ் மாதிரி யூஎஸ்பியில் செருகுவது.

பெட்டி வகையைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. அது பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படி. கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குப் போகும் படத்தை நடுவில் நின்று வாங்கி அப்படியே கடத்திவிடுவதுதான் அதன் வேலை. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் படத்துக்குப் பதிலாகத் தன்னுடைய டிவி படத்தை மானிட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தாலும் டிவி ஓடும். டிரைவர் கிடையாது, புரோகிராம் கிடையாது, சிடியும் கிடையாது.

விருதுநகரில் பெரியப்பா வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தபோது அவர் பையன் இந்தப் பெட்டிக்காக விண்டோஸை இரண்டு தடவை புதிதாக ஏற்றி முடித்திருந்தான். பெரியப்பா அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "சிடியே வைக்கலப்பா, கடைக்காரர் மறந்துட்டாரு போல" என்றார். நான் மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சிபியுவிலிருந்து ஒயர் நேராக மானிட்டருக்குப் போயிருந்தது. பெட்டி தனியாக, அடாப்டர் மட்டும் மாட்டி, சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. ஒயரைக் கழற்றிப் பெட்டி வழியாகக் கொண்டுபோனதும் இரண்டு நிமிடத்தில் படம் வந்துவிட்டது.

அதனால் பெட்டி வகை வைத்திருப்பவர்கள் இணைப்பை மட்டும் சரிபாருங்கள். சிபியுவின் விஜிஏ, பெட்டியில் 'விஜிஏ இன்' அல்லது 'பிசி இன்' என்று எழுதிய துளைக்குப் போக வேண்டும். 'விஜிஏ அவுட்' மானிட்டருக்கு. சத்தத்துக்கும் இதே வழிதான்: சிபியுவின் பச்சைத் துளையிலிருந்து பெட்டியின் 'ஆடியோ இன்' துளைக்கு ஒரு ஒயர், பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கு இன்னொன்று. ஸ்பீக்கரைச் சிபியுவிலேயே விட்டுவிட்டால் டிவி ஊமையாகத்தான் ஓடும்.

பெட்டியை நடுவில் வைத்த பிறகு கம்ப்யூட்டர் திரை கறுத்துப்போனாலோ, 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டினாலோ, கம்ப்யூட்டர் அனுப்புகிற ரெசல்யூஷன் பெட்டிக்குத் தாங்கவில்லை என்று பொருள். ஒயரை மறுபடி நேராக மானிட்டரில் மாட்டி, ரெசல்யூஷனை 1024 x 768 என்று குறைத்து, ரெஃப்ரெஷ் ரேட்டை 60 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு மீண்டும் பெட்டி வழியாக மாட்டிப் பாருங்கள். படம் வந்ததும் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொள்ளலாம். பெட்டிக்காரர்களின் வேலை இதோடு முடிந்தது. கடைசியில் சேனல் பற்றிச் சொல்வதை மட்டும் படித்தால் போதும்.

குச்சி வகை: முதலில் காதைத் தீட்டுங்கள்

யூஎஸ்பி டியூனரைச் செருகும்போது விண்டோஸ் ஒரு சத்தம் போடும். ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு செருகுங்கள். இரண்டு சுரம் கீழிருந்து மேலே ஏறினால் ஏதோ ஒரு சாதனம் வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. செருகிய சில நொடிகளில் தானாகவே இறங்குகிற சத்தமும், உடனே மறுபடி ஏறுகிற சத்தமும் மாறி மாறி வந்தால் தொடர்பு விட்டு விட்டு வருகிறது. பெரும்பாலும் கரண்ட் பற்றாக்குறை அல்லது ஆடிப்போன பின். சத்தமே இல்லையென்றால் டிரைவரைப் பற்றி இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டிரைவர் இல்லாத சாதனத்தைச் செருகினாலும் சத்தம் வரும்.

சத்தம் வரவில்லை அல்லது விட்டு விட்டு வருகிறது என்றால் நான் இந்த வரிசையில் போவேன். டெஸ்க்டாப் என்றால் முகப்பில் இருக்கும் யூஎஸ்பி துளையை விட்டு, சிபியுவின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகுவேன். முகப்புத் துளைக்கு உள்ளே மெல்லிய ஒயர் ஒன்று போகிறது. பல கேபினெட்டுகளில் அந்த ஒயரும் மட்டம், அது மதர்போர்டில் உட்காரும் இடமும் தளர்ந்திருக்கும். மவுஸ் அதில் வேலை செய்கிறதே என்று கேட்பார்கள். மவுஸுக்கு வேண்டிய கரண்ட் மிகக் குறைவு. டியூனர் அப்படியில்லை. தொட்டுப் பார்த்தால் சுடுகிற அளவுக்கு அது கரண்ட் எடுக்கும்.

யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். நீல நிற 3.0 துளை 900 வரை. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் செருகினால் கணக்கே மாறிவிடும்: மொத்தமே 500தான், அதை எல்லாத் துளைகளும் பங்கு போட வேண்டும், ஒரு துளைக்கு 100தான் உறுதி. டியூனருக்கு அது பற்றாது. அதனால் ஹப்பைக் கழற்றுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரையும் கழற்றுங்கள். சோதித்துப் பார்க்கிற வரைக்கும் டியூனர் நேராகக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

என்னிடம் இருந்த ஒரு குச்சியில் சின்னப் பச்சை விளக்கு உண்டு. முகப்புத் துளையில் செருகினால் விளக்கு நன்றாகவே எரியும், மாட்டியிருக்கும் சாதனங்களை விண்டோஸ் பட்டியல் போடுகிற டிவைஸ் மேனேஜரிலும் பெயர் வரும். டிவி புரோகிராமைத் திறந்து படம் வரவேண்டிய நொடியில் மட்டும் விளக்கு மங்கி, இறங்குகிற சத்தம் கேட்டு, பெயர் மறைந்துவிடும். மூன்று நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். பின்பக்கத் துளைக்கு மாற்றிய அன்றைக்கு எல்லாம் சரியானது. சும்மா இருக்கும்போது தேவைப்படும் கரண்ட் வேறு, சிக்னலைப் பிடித்துப் படமாக்கும்போது தேவைப்படும் கரண்ட் வேறு.

அடுத்து, நீலத் துளையில் வராத பழைய டியூனர் சில நேரம் கறுப்புத் துளையில் வந்துவிடும்; மாற்றிப் பாருங்கள். அப்படியும் சத்தம் இல்லையென்றால் இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. பக்கத்து வீட்டு லேப்டாப் போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், செருகியதும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஊமையாக இருக்கிற டியூனர் செத்துவிட்டது. அதற்குமேல் அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள்.

டிவைஸ் மேனேஜரைப் படிப்பது

சத்தம் வந்துவிட்டதா? சரி, இப்போது விண்டோஸ் பட்டனையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டே டியூனரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். பட்டியல் ஒருமுறை சிமிட்டிவிட்டுப் புதிதாக ஒரு வரி சேரும். அந்த வரி எங்கே சேர்கிறது, என்ன பெயரில் சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று வந்து, கூடவே 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்றும் இருந்தால், நீ யார் என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது, டியூனரால் பதில் சொல்ல முடியவில்லை. இது டிரைவர் கோளாறு இல்லை. பெயரே தெரியாதபோது எந்த டிரைவரை அது தேடும்? இதோடு கோட் 43 என்ற எண்ணும் வரும். மறுபடி துளை, ஒயர், கரண்ட் பக்கம்தான் போக வேண்டும். இதில் ஒரு வழி பலருக்குப் பலித்திருக்கிறது: டியூனரைக் கழற்றி, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து இருபது நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, விண்டோஸ் முழுதாக வந்த பிறகு டியூனரைச் செருகுங்கள். லேப்டாப்பில் பேட்டரி கழற்ற வராத வகை என்றால் சார்ஜரை எடுத்துவிட்டு ஷட்டவுன் மட்டும் செய்தால் போதும்.

'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஏதாவது ஒரு பெயர், உதாரணத்துக்கு 'யூஎஸ்பி 2861 டிவைஸ்' என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். டியூனர் உயிரோடு இருக்கிறது, தன்னை யார் என்று சொல்லிவிட்டது, டிரைவர் மட்டும்தான் பாக்கி. ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் கோட் 28 என்றிருக்கும். டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை என்பது அதன் பொருள். கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனத்தைக் கிளப்ப முடியவில்லை. கோட் 39 என்றால் டிரைவர் ஃபைல் கெட்டிருக்கிறது அல்லது ஏற்ற முடியவில்லை. கோட் 52 என்றால் டிரைவரில் இருக்க வேண்டிய டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை.

எந்தக் குறியும் இல்லாமல் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்' என்ற தலைப்பின் கீழ் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் கம்ப்யூட்டர் டியூனரைக் கண்டுபிடித்துவிட்டது. சிக்கல் டிவி புரோகிராமில். அதற்குக் கீழே வருகிறேன்.

டிரைவர் தேடும் முறை

அட்டைப் பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரை நம்பித் தேடாதீர்கள். ஒரே பெயரில் விற்ற குச்சிகளுக்குள்ளே வேறு வேறு சிப் இருந்ததுண்டு. டியூனரின் உண்மையான அடையாளம் அதன் ஹார்டுவேர் ஐடி. அந்த மஞ்சள் வரியின் பிராப்பர்ட்டீஸில் 'டீட்டெயில்ஸ்' பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி (VID) என்று நான்கு எழுத்தும் பிஐடி (PID) என்று நான்கு எழுத்தும் தெரியும். விஐடி, டியூனரையோ அதன் சிப்பையோ செய்த நிறுவனத்தைச் சொல்லும். பிஐடி எந்த மாடல் என்பதை. விஐடி 0பிடிஏ (0BDA) என்றால் ரியல்டெக். இபி1ஏ (EB1A) என்றால் எம்பியா. இந்த எட்டு எழுத்தையும் ஒரு தாளில் எழுதி டியூனரின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை பத்து நிமிடம் மிச்சம்.

முதலில் தயாரித்த நிறுவனத்தின் தளம். அங்கே இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தின் தேடல் கட்டத்தில் அந்த ஐடியை அப்படியே போட்டுத் தேடலாம். பல பழைய டிரைவர்கள் அங்கே இன்னும் இருக்கின்றன, அவை நம்பிக்கையானவை. டிரைவரை நாங்களே கண்டுபிடித்துப் போடுகிறோம் என்று சொல்லி ஒரு பெரிய இன்ஸ்டாலரைத் தருகிற தளங்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். டியூனர் வருகிறதோ இல்லையோ, வேண்டாத நாலு புரோகிராம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே கம்ப்யூட்டரில்தான் நாம் பேங்க் கணக்கையும் திறக்கிறோம்.

போடுகிற வரிசையும் முக்கியம். நிறைய டியூனர்களின் கையேட்டில் 'முதலில் டிரைவர், பிறகு செருகு' என்றுதான் இருக்கும். நாம் ஆவலில் முதலில் செருகிவிடுகிறோம். அப்படிச் செருகியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்டால் டிக் அடியுங்கள். டியூனரைக் கழற்றி, டிரைவரை இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகு செருகுங்கள். இன்ஸ்டாலரே இல்லாமல் வெறும் ஃபோல்டராகக் கிடைத்திருந்தால் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' வழியாக அந்த ஃபோல்டரைக் காட்டலாம். ஒரு துளையில் டிரைவர் போட்டுவிட்டு இன்னொரு துளையில் செருகினால் சில டியூனர்களை விண்டோஸ் புதிய ஆளாக எண்ணிக்கொண்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். அதனால் ஒரு துளையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்.

இப்போது கசப்பான பகுதி. பழைய டியூனர், புதிய விண்டோஸ். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. 2021இல் வந்த விண்டோஸ் 11 என்பதே 64 பிட்டில் மட்டும்தான் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து சிடியில் 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தால் எத்தனை தடவை இன்ஸ்டால் செய்தாலும் பயன் இல்லை. 64 பிட் டிரைவர் இருந்தும் கோட் 39 அல்லது 52 வந்தால், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'கோர் ஐசலேஷன்' என்ற இடத்தில் 'மெமரி இன்டெக்ரிட்டி' இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய டிரைவர்கள் சிலவற்றை அது தடுத்துவிடும். அதை அணைத்தால் டியூனர் வரக்கூடும். ஆனால் வேலைக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் பயன்படுத்துகிற கம்ப்யூட்டரில் டிவிக்காக அந்தக் காவலை எடுக்க எனக்கு மனம் வராது. மூலையில் கிடக்கும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை இணையத்தில் சேர்க்காமல் டியூனருக்கென்றே ஒதுக்குவது நல்லது.

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் இன்னொரு வழி. அதில் ஒரு வகையான உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். எம்பியா, ரியல்டெக் சிப்புகள் பலவற்றுக்கு டிரைவர் அதிலேயே வந்துவிடுகிறது. விண்டோஸில் தொலைந்துபோன சில குச்சிகள் அங்கே செருகியதும் எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டிவைஸ் மேனேஜரில் இருக்கிறது, டிவி புரோகிராமில் இல்லை

இங்கே மூன்று காரணங்களைப் பார்ப்பேன். ஒன்று, வேறு ஏதோ புரோகிராம் டியூனரைப் பிடித்துவைத்திருக்கும். டியூனரை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பயன்படுத்த முடியும். ரீஸ்டார்ட் செய்து, டிவி புரோகிராமை மட்டும் திறங்கள். இரண்டு, விண்டோஸ் 10, 11இல் பிரைவசி அமைப்புகளில் 'கேமரா' என்ற பகுதி இருக்கிறது. வீடியோ உள்ளே கொண்டுவரும் டியூனர்களைக் கேமரா என்றே விண்டோஸ் எண்ணிக்கொள்வது உண்டு. அங்கே டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி மறுத்திருந்தால் டியூனருக்கும் வழி அடைபடும். விஎல்சி என்ற வீடியோ புரோகிராமில் 'ஓப்பன் கேப்சர் டிவைஸ்' கொடுத்துப் பார்ப்பவர்கள், வீடியோ டிவைஸ் பட்டியலில் லேப்டாப்பின் சொந்தக் கேமராவுக்குப் பதிலாக டியூனரின் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ சிப் உள்ள குச்சிகளுக்கு மட்டும். 2012 முதல் இந்தக் குச்சியை ரேடியோ அலைகளைக் கேட்கும் கருவியாகவும் பயன்படுத்துகிறார்கள். அதற்காக ஸாடிக் என்ற கருவியால் டிரைவரை மாற்றியிருப்பார்கள். பழையதாக வாங்கிய குச்சி என்றாலும் கவலையில்லை, அந்த மாற்றம் கம்ப்யூட்டரில்தான் இருக்கும், குச்சியில் இருக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் யாராவது அப்படிச் செய்திருந்தால் டிரைவரோடு அன்இன்ஸ்டால் செய்துவிட்டு டிவி டிரைவரை மறுபடி போட வேண்டும்.

எல்லாம் சரி, சேனல் மட்டும் வரவில்லை

இதைக் கண்டுபிடிக்காத கோளாறு என்று எண்ணிக்கொண்டு பின்னால் போகாதீர்கள். தமிழ்நாட்டில் கேபிள் ஒயரை நேராகப் பழைய அனலாக் டியூனரில் செருகி 'ஸ்கேன்' கொடுத்தால் இன்று சேனல் கிடைக்காது. நாடு முழுக்கக் கேபிளை டிஜிட்டலாக்கும் வேலை 2012இல் பெருநகரங்களில் தொடங்கி, கடைசிக் கட்டத்துக்கு 2017 மார்ச் வரை கெடு வைத்து நடந்தது. கேபிள் ஒயர் செட்டாப் பாக்ஸுக்குத்தான் போக வேண்டும். பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை டியூனரின் ஏவி துளைகளுக்குக் கொண்டுவந்து, புரோகிராமில் (பெட்டி வகை என்றால் அதன் ரிமோட்டில்) மூலத்தை 'டிவி' என்பதிலிருந்து 'காம்போசிட்' என்று மாற்றுங்கள். வீடியோ முறை 'பால்' (PAL) என்று இருக்கட்டும். 'என்டிஎஸ்சி' (NTSC) என்று இருந்தால் படம் நிறமிழந்தோ உருண்டோ வரும். சேனல் மாற்றுவதெல்லாம் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில்தான்.

டிஜிட்டல் குச்சி வைத்திருப்பவர்கள் அதன் மேல் டிவிபி-டி (DVB-T) என்று இருக்கிறதா, டிவிபி-டி2 (DVB-T2) என்று இருக்கிறதா என்று பாருங்கள். தூர்தர்ஷன் 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு டி2 வகை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆன்டெனாவில் வருவதும் டி2தான். முதல் வகைக் குச்சியால் அதைப் பிடிக்க முடியாது, டிரைவர் எவ்வளவு சரியாக இருந்தாலும்.

செட்டாப் பாக்ஸில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் டியூனரோடு சேராது. அதற்கு யூஎஸ்பி கேப்சர் குச்சி என்று தனியாக விற்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு டிரைவரே தேவையில்லை, கேமரா மாதிரி உடனே வந்துவிடும். ஆனால் பல செட்டாப் பாக்ஸ்கள் எச்டிஎம்ஐ வழியே பூட்டுப் போட்டுத்தான் படத்தை அனுப்புகின்றன. திரை கறுப்பாகவே நிற்கும். வாங்குவதற்கு முன் பாக்ஸின் பின்பக்கம் ஏவி அவுட் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சில பாக்ஸ்களில் அது மூன்று தனித் துளைகளாக இல்லாமல் ஹெட்போன் துளை மாதிரி ஒன்றே ஒன்றாக இருக்கும். அதற்கான ஒயர் பாக்ஸோடு வந்திருக்கும். இல்லையென்றால் கேபிள்காரரிடம் கேட்டால் கொடுப்பார்.